சிரிக்க மறுத்த பிணம்

மொட்டை மாடியில் தாம்பரம் ஸ்டேஷனைக் கட்டி முடித்திருந்தோம்.

கட்டுமானப் பொருள் அம்மாவின் கோலமாவு டப்பா ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்துத் துணி காயப்போடும் கம்பி வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்தோம். அது பிளாட்ஃபாரத்தின் விளிம்பு. அதற்கு அப்பால் தண்டவாளம். யாராவது மறந்துபோய்க் கோட்டைத் தாண்டினால் பூரணி, வண்டி வருது என்பாள். தாண்டியவர் நிஜமாகவே பதறிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார். அந்த அளவுக்கு அந்தக் கோட்டை நாங்கள் நம்பினோம்.

அரிசி மாவு என்பதால் கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்துவிட்டன. ஆளுக்கொரு துகளாகத் தூக்கிக்கொண்டு போனதில் பிளாட்ஃபாரத்தின் விளிம்பு அங்கங்கே கரைந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்த விக்கி, ஸ்டேஷன் நடந்து போகிறது என்று சொன்னான்.

மதிய நேரம். ஆனாலும் வெயில் இல்லை. கடல் பக்கமிருந்து மேகம் வந்து எங்கள் இரும்புலியூருக்கு மேல் நின்றுவிட்டது. எதற்கும் நிழல் விழாத ஒரு சாம்பல் வெளிச்சம். மேலே பயிற்சி விமானம் ஒன்று சோம்பலாக முனகியபடி வட்டம் போட்டது. நிஜமான ரயில் எங்கோ ஹார்ன் அடித்துக்கொண்டு போக, அது எங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போவதுபோலவே இருந்தது.

பிளாட்ஃபாரத்தில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்பு நாற்காலி ஒன்று, மூன்று பேர் உட்காருவது. கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருந்த ஹோமியோபதி டாக்டர் காலி செய்தபோது விட்டுப்போனது. அசல் ரயில்வே நாற்காலியைப் போலவே இருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் எங்களுக்குக் கதையே தோன்றியது.

அந்த நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, மடியில் நியூஸ் பேப்பர் விரிந்து கிடக்க, என் அப்பா செத்துப்போயிருந்தார்.

பதற வேண்டாம். காலேஜ் படத்துக்கான ஒத்திகை அது. ஆனால் அதற்கு நாலைந்து மாதங்களுக்கு முன்புதான் ஒரு ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைத் திறந்து, தைத்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் காட்சி மட்டும்

இந்தத் தொடரில் இதுவரை எடிட்டிங் டேபிளில் பார்த்ததையும் கேட்டதையும்தான் எழுதி வந்தேன். ஊர்ப்பட்ட பேர் எடுத்த படத்தையெல்லாம் வெட்டி ஒட்டுகிறீர்களே, நீங்களே ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டதில்லையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆசைப்பட்டேன் அம்மா. எடுத்தும் தொலைத்தேன்.

விஸ்காம் கடைசி வருடம். முகக்கவசங்கள் மூக்கிலிருந்து இறங்கி பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்த காலம். மூன்று பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பூரணி நடிப்பு, விக்கி கேமரா, கதையும் இயக்கமும் நான். என்ன வகைப் படம் என்று கேட்டபோது த்ரில்லர் என்று சொன்னோம். வகுப்பில் எல்லாக் குழுவும் அதையேதான் சொல்லியிருந்தது. காதல் படம் எடுத்தால் யாருடைய காதல் என்று வீட்டில் கேட்பார்கள். கொலையில் அந்தத் தொல்லை இல்லை.

எங்களுடைய முதல் காட்சி இது. சாயங்காலம், தாம்பரம் ஸ்டேஷன். நாற்காலியில் ஒருவர் தூங்குகிறார். ஒரு காலேஜ் பெண் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். வண்டிகள் வருகின்றன, போகின்றன. அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் போன் அடிக்கிறது. நின்று, மறுபடி அடிக்கிறது. எழுப்பலாம் என்று தோளைத் தொடுகிறாள். தலை சரிகிறது. நடுங்கிக்கொண்டே அந்த போனை எடுத்துப் பார்க்கிறாள். அழைப்பது யார் என்று காட்டும் இடத்தில் அவளுடைய போட்டோவே இருக்கிறது. அவளுடைய போனோ அவள் கையில் சும்மா இருக்கிறது.

அதற்கப்புறம் என்ன என்று கேட்காதீர்கள். எங்களுக்கும் தெரியாது. கொலைகாரன் யார் என்று முடிவு செய்ய எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. முதல் காட்சியை யோசிப்பதிலேயே நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஒரு மயக்கம் வருகிறது. காலேஜ் முடிந்ததும் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போய் நின்றுகொள்வோம். கீழே உட்கார்ந்தபடி தூங்கும் ஆட்களைப் பார்ப்போம். தூங்குகிறவருக்கும் செத்தவருக்கும் தூரத்திலிருந்து என்ன வித்தியாசம் தெரியும் என்று பேசிக்கொண்டே சமோசா தின்போம். செங்கல்பட்டு வண்டி மஞ்சள் வெளிச்சத்தோடு நுழைந்து, கூட்டத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனபின் பிளாட்ஃபாரம் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் படம் அங்கே ஓடும். மூன்று பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரியும். யாரும் பேச மாட்டோம்.

கேமராவோடு ஸ்டேஷனுக்குள் போக அனுமதி வேண்டும். அது வரும்வரை என் வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்து, எந்தக் கோணம், எத்தனை ஷாட் என்று முடிவு செய்துவிடலாம் என்று விக்கிதான் யோசனை சொன்னான். விக்கிக்கு ஊர் கோவளம் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். கேளம்பாக்கம் வழியாக பஸ் மாறி மாறி வருவான். அவனுடைய மாமா ஒருவர் ஈ.சி.ஆர். பங்களாக்களில் நடக்கும் சீரியல் ஷூட்டிங்குகளில் லைட்மேன். லீவு நாட்களில் விக்கியும் போய் அவரோடு லைட் தூக்குவான். ஆகவே எங்கள் மூவரில் சினிமா தெரிந்தவன் அவன். அவன் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

படம் பிறகு ஒருவழியாக முடிந்தது. டிபார்ட்மென்ட் ஹாலில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே போட்டுக் காட்டினார்கள். முதல் காட்சியைத் தவிர எதுவும் புரியவில்லை என்று ஏகமனதாகச் சொன்னார்கள். அந்த முதல் காட்சியில் செத்துக் கிடந்தவர் பூரணியின் பெரியப்பா. அப்பாவை நிஜ ஷூட்டிங்குக்கு அனுப்ப அம்மா மறுத்துவிட்டாள். ஒரு தடவை போதும் என்றாள். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஜன்னல் பக்கம்

அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்பு மெஷின்களின் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்கு வீட்டிலும் கத்தித்தான் பேச வரும். சிரிப்பு அதைவிடச் சத்தம். டிவியில் யாராவது வாழைப்பழத் தோலில் வழுக்கினால் போதும், தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். அம்மாவுக்கு மானம் போகும். எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்துவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அதே ஜன்னல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதுவே அவர் இடம் ஆகிவிட்டது. கொடுத்ததைச் சாப்பிட்டார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். கேட்டால் பதில் சொன்னார். சிறுசேரியில் வேலை பார்க்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஜோக்காக அனுப்பித் தள்ளுவான். அப்பா ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் பொம்மை போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பார். நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஹாலிலிருந்து சமையலறை வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

கோபமோ எரிச்சலோ இருந்தாலும் தேவலை. எதுவும் இல்லை. யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி போல மரியாதையாக இருந்தார். டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். எனக்கு அது தாங்கவே இல்லை.

அம்மா ஸ்கூல் டீச்சர், சயின்ஸ். அழுகிற ஆள் இல்லை. ஒரு நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "ஆளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. சிரிப்ப மட்டும் அங்கயே வச்சிட்டாங்கடி. பழைய மாதிரி ஒரு தடவை சிரிச்சாப் போதும், அப்புறம் நான் பயப்பட மாட்டேன்."

அவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாடி ஏறி வந்தவர்

ஒத்திகை நாளுக்கு வருவோம். பிணமாக நடிக்க ஒரு சீனியர் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. விக்கியை உட்காரவைத்துப் பார்த்தோம். பூரணி தோளைத் தொட்டதும் கூசுகிறது என்று நெளிந்தான். பூரணி கோபத்தில் ஒரு அறை கொடுத்தாள். பிணம் திருப்பிக் கொடுத்தது. இந்த லட்சணத்தில் ஒத்திகை போய்க்கொண்டிருந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக ஏறி வரும் சத்தம்.

கட்டம் போட்ட லுங்கி, அரைக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி. மேல் பட்டனுக்கு மேலே தையல் தழும்பின் நுனி. அப்பா மாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் நியூஸ் பேப்பர்.

மேலே ஒரே சத்தமாக இருக்கிறதே என்று வந்தாராம். கோலமாவுக் கோட்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். பிளாட்ஃபாரம் என்றேன். கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். காட்சியை விளக்கச் சொன்னார். ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அசையவே மாட்டார் என்று நான் இழுத்தேன். பூரணி வானத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லாமல் பல மாதங்கள் ஓட்டியிருந்தோம்.

"செத்துட்டாரா?" என்று அப்பாவே கேட்டார்.

"ஆமாப்பா."

நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். "நான் உக்காரவா? அசையாம இருக்க எனக்கு இப்ப நல்லா வருது."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அவர் தானாக மாடி ஏறி வந்திருக்கிறார். பல மாதங்களுக்குப் பிறகு வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்கிறார். எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. உட்காருங்கப்பா என்றேன்.

உட்கார்ந்தார். பேப்பரை மடியில் விரித்தார். கண்ணை மூடினார். விக்கி ஓடவிட்டேன் என்று கை காட்டினான்.

அந்தச் சில நிமிடங்களைப்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு எந்த ஷூட்டிங்கிலும் பார்க்கவில்லை. காற்று கிட்டத்தட்ட நின்றிருந்தது. கம்பியில் காய்ந்த போர்வைகள்கூட அசையவில்லை. பேப்பரின் ஒரு மூலை மட்டும் தூக்கித் தூக்கி விழுந்தது. பூரணி கோட்டின் ஓரமாக நடந்து வந்து உட்கார்ந்தாள். எங்கேயோ ஒரு வண்டி போனது. என் போனிலிருந்து அப்பாவின் போனுக்கு அடித்தேன். சட்டைப் பைக்குள் மணி அடித்து, நின்று, மறுபடி அடித்தது. பூரணி தோளைத் தொட்டாள். அப்பாவின் தலை தானாகச் சரிந்து அவள் பக்கம் விழுந்தது.

நாங்கள் மேம்பாலத்தில் நின்று கனவு கண்ட காட்சி அப்படியே கண் முன்னால் நடந்தது. நான் கட் சொல்ல மறந்துபோனேன்.

மாடிக் கதவின் நிலைப்படியில் அம்மா உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

விக்கி வாயைத் திறந்தான்

சனிக்கிழமை, அரை நாள் ஸ்கூல். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஜன்னல் பக்கத்து நாற்காலி காலி. கதவு திறந்து கிடக்கிறது. படியேறி வந்து பார்த்தால், கணவர் தலை தொங்கிக் கிடக்கிறார், ஒரு பெண் அவர் தோளை உலுக்குகிறாள். பக்கத்தில் கேமராவையும் பார்த்திருக்கிறாள், புரிந்தும் இருக்கிறது. ஆனாலும் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கட் என்றேன். அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவைப் பார்த்து, எப்போது வந்தாய் என்று கேட்டார். இப்போதுதான், சாப்பிட வாருங்கள் என்றாள் அம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. கீழே போனபிறகு எனக்கு இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அதோடு போயிருக்கும். விக்கி விடவில்லை.

"சார், எந்திரிக்காதீங்க. கேமராவப் பாத்து ஒரு தபா சிரிச்சிட்டு எந்திரிங்க."

எதற்கு என்று அம்மா கேட்டாள். விக்கிக்கு அது ஒரு சாதாரண வேலை. லைட்டை அணைப்பது, வயரைச் சுருட்டுவதுபோல ஒன்று. ஆகவே விளக்கமாகவே சொன்னான்.

"பொணமா நடிச்சவங்க அப்டியே எந்திரிச்சிப் போகக் கூடாது ஆன்ட்டி. கட் சொன்னதும் கேமராவப் பாத்து பல்லு தெரிய சிரிக்கணும். எங்க மாமா வேல செய்ற செட்ல எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் இந்தப் பழக்கம் கீது. சிரிக்காம போனா ஆவாது."

"ஆகாதுன்னா?"

விக்கி என்னைப் பார்த்தான். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒன்றுமில்லை ஆன்ட்டி, சும்மா ஒரு சென்டிமென்ட் என்று முனகினான். விஷயம் அதற்குள் கை மீறிப் போயிருந்தது.

அவன் சொன்னது உண்மைதான். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு நானே பார்க்கிறேன். சாவுக் காட்சிகள் டேபிளுக்கு வரும்போது ஷாட்டின் வாலில் அந்தச் சிரிப்பும் சேர்ந்து வரும். நெற்றியில் ரத்தம் பூசிய வில்லன், மாலை போட்டுப் படுக்கவைத்த அம்மா நடிகை, எல்லாரும் கட் சொன்னதும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். தியேட்டரில் யாரும் பார்க்காத சிரிப்புகள். அசிஸ்டென்ட் பையன்கள் வெட்டி வீசப் போனால் நான் தடுப்பேன். ஒரு தனி ஃபோல்டரில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மனசு சரியில்லாத நாட்களில் திறந்து பார்ப்பதுண்டு. செத்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாகச் சிரிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

பல் தெரிய வேண்டும்

என் அம்மா ராகுகாலம் பார்க்காதவள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு எங்கேயோ வேலை இருக்கிறது என்பவள். கிரகணத்தன்று மாடியில் நின்று எங்களுக்குப் பாடம் எடுத்தவள். அவள் எழுந்து வந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சிரிச்சிடுங்க," என்றாள் அப்பாவிடம்.

அம்மா, உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே என்றேன். நம்பிக்கை இல்லைதான், ஆனால் ரிஸ்க் எடுக்க மாட்டேன் என்றாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் அறிவியல் பேச முடியாது என்று புரிந்துகொண்டேன்.

அப்பா கேமராவைப் பார்த்தார். உதட்டை விரித்தார். மேல் பல், கீழ்ப் பல் எல்லாம் தெரிந்தன. விக்கி தப்பித்தோம் என்று, ஓகே சார் என்றான்.

"இது சிரிப்பு இல்ல," என்றாள் அம்மா. "பல் டாக்டருக்குக் காட்டுற மாதிரி இருக்கு."

மறுபடியும் முயன்றார். அது இன்னும் மோசம். பூரணி தனக்குத் தெரிந்த கடி ஜோக்குகளை வரிசையாக அவிழ்த்துவிட்டாள். நாங்கள் சிரித்தோம், அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். விக்கி எங்கள் எச்.ஓ.டி. நடப்பதுபோல நடந்து காட்டினான். பரீட்சை ஹாலில் அவர் தும்மும் விதத்தையும் செய்தான். நான் சின்ன வயதில் அப்பாவின் புது ஹெல்மெட்டில் மாவு கரைத்த கதையைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வார் முன்பு. இப்போது, ஆமாம், நினைவிருக்கிறது என்றார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. பூரணி கீழே போய் மாத்திரையும் தண்ணீரும் சாதத்தட்டும் கொண்டுவந்தாள். அப்பா ஸ்டேஷன் நாற்காலியிலேயே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டார். கீழே போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து சிரிக்காமல் எழுந்துவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்று எங்கள் நாலு பேருக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. விளையாட்டுக்கு இழுத்த கோட்டைத் தாண்ட முடியாமல் எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். மேகமும் நகரவில்லை. மணி என்ன என்பதே தெரியாத மாதிரி ஒரு வெளிச்சம்.

கடைசியில் அம்மாவுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். போய் அப்பா பக்கத்தில், பூரணி உட்கார்ந்திருந்த இடத்தில், உட்கார்ந்தாள். ரயிலுக்குக் காத்திருக்கும் வயதான தம்பதி மாதிரி இருந்தார்கள் இரண்டு பேரும்.

அப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"வர மாட்டேங்குது," என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "சிரிக்கணும்னாலே பயமா இருக்கு."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே, இல்லாத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, என்ன பயம் என்று கேட்டாள்.

"அன்னிக்கு ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனாங்கல்ல, கதவுகிட்ட உன்னைப் பாத்துச் சிரிச்சேன். நீ தைரியமா இருக்கணும்னு. அதுதான் கடைசின்னு நெனச்சேன். நல்லாவே சிரிச்சிட்டுப் போயிடலாம்னு முழுசா சிரிச்சேன். இப்ப சிரிப்பு வந்தாலே அந்தக் கதவு ஞாபகம் வருது. திரும்பவும் உள்ள கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவர் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விக்கி கேமராவை என்னவோ செய்துகொண்டு குனிந்தே இருந்தான்.

அம்மா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தப்பு விடை சொன்னால் வகுப்பில் இப்படித்தான் நெற்றியைச் சுருக்குவாள்.

"எந்தக் கதவுகிட்ட?"

"ஆபரேஷன் தியேட்டர் கதவுதான். பச்சைப் புடவையில நின்னுட்டு இருந்தியே."

"நான் அன்னிக்குப் பச்சை கட்டலியே."

அப்பா அவளைப் பார்த்தார்.

"உங்க கண்ணாடியதான் முன்னாடியே கழட்டி என் கைல குடுத்துட்டாங்களே," என்றாள் அம்மா. "வீல் சேர்லேர்ந்து ஸ்ட்ரெச்சருக்கு மாத்தினாங்கல்ல, உங்க செருப்பு அங்கயே கெடந்துது. புதுச் செருப்பு. ஒண்ணு கெடச்சுது, இன்னொண்ணக் காணோம். குனிஞ்சு அத தேடிட்டு இருந்தேன். நிமிந்து பாக்கறதுக்குள்ள கதவ மூடிட்டாங்க."

"அப்ப அந்தப் பச்சைப் புடவை?"

"அது பெருக்கறவங்க. அவங்க யூனிஃபார்ம்." அம்மா சட்டென்று நிறுத்தினாள். என்னவோ அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. "ஓ, அதான் அந்தம்மா அன்னிக்கு சாயந்தரம் என்னைத் தேடிட்டு வந்துச்சா? உங்க வூட்டுக்காரரு தங்கமான மனுசன்மா, அந்த நெலமைலயும் என்னியப் பாத்து அப்டி சிரிச்சிகினு போனாருன்னு சொல்லிச்சு. ரொம்ப வெக்கப்பட்டுச்சு வேற. எனக்கு அப்போ ஒண்ணுமே புரியல."

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அம்மா பயந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். அவர் இரண்டு கையாலும் நெஞ்சுத் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லியபடியே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். என் அம்மா வாயை மூடாமல் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா நிறுத்துவார், பச்சைப் புடவை என்பார், மறுபடி ஆரம்பிப்பார். கீழ்வீட்டு ஆட்கள் என்னமோ ஏதோ என்று வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விக்கியின் பக்கம் திரும்பினாள். எடுத்தியாப்பா என்று கேட்டாள்.

விக்கி எழுந்து நின்றான்.

"இல்ல ஆன்ட்டி. சார் பேச ஆரம்பிச்சதுமே ஆஃப் பண்ணிட்டேன். வூட்டு விஷயம், பதிவாகக் கூடாதுன்னு. சார் இன்னொரு தபா சிரிச்சாருன்னா..."

அம்மா அப்பாவின் கையை விடாமல் தலையை ஆட்டினாள்.

"வேணாம்ப்பா. இந்தத் தடவை நான் பாத்துட்டேன்."